தோல் முதலில் பேசும், இரத்தம் பிறகு பேசும்

உறவு நடந்த மூன்றாம் நாள் லேபில் இரத்தம் கொடுத்துவிட்டு, மாலையில் வந்த ரிப்போர்ட்டைக் கைப்பேசியில் காட்டி, "ஹெர்பிஸ் பாசிட்டிவ்னு போட்டிருக்கே, அந்த ஒரு ராத்திரியிலதான் ஒட்டிக்கிச்சா சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. அதே மூன்றாம் நாளில் நெகட்டிவ் என்று வந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. இருவருமே அந்தத் தாளைத் தவறாகப் படித்திருக்கிறார்கள். அந்த ராத்திரியைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை. கிருமி உடலுக்குள் வந்தபின் அதற்கெதிரான எதிர்ப்பணுக்கள் இரத்தத்தில் தேறி, சோதனையில் தெரியும் அளவுக்குச் சேர வாரங்கள் ஆகும். மூன்றாம் நாள் பாசிட்டிவ் சோதனையின் பிழையாக இருக்கலாம். பிழை இல்லையென்றால் பழைய கதை. மூன்றாம் நாள் நெகட்டிவ் என்றால், சொல்வதற்கு இன்னும் எதுவும் சேரவில்லை.

பயம் கேட்பது இன்றே ஒரு பதில். ஹெர்பிஸ் விஷயத்தில் அப்படி ஒரு பதிலைத் தரும் சோதனை உலகில் எங்கும் இல்லை. ஆனால் எந்த நாளில் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது எந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு, எந்தச் சோதனைக்குப் பணம் கொடுக்கவே வேண்டாம் என்பதற்கெல்லாம் தெளிவான விடை இருக்கிறது.

முதல் மூன்று நாள்

ஹெர்பிஸ் பயத்தோடு வருகிறவர்களிடம் முதலில் பேச வேண்டியது ஹெர்பிஸைப் பற்றி அல்ல. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் காரியங்கள் வேறு இருக்கின்றன.

ஆணுறை இல்லாமலோ, ஆணுறை கிழிந்தோ உறவு நடந்திருந்து, எதிராளிக்கு எச்.ஐ.வி. இருக்கலாம் என்று நினைக்கக் காரணம் இருந்தால், தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிஇபி என்ற பெயரில் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து அது. எச்.ஐ.வி. சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்திலோ, தொற்றுநோய் மருத்துவரிடமோ, "பிஇபி வேண்டும்" என்று நேராகக் கேளுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிராதவர்கள் அதையும் உடனே தொடங்கலாம். கர்ப்பம் பற்றிய அச்சம் இருந்தால் அவசர கருத்தடை மாத்திரைக்கும் இதே மூன்று நாள் கணக்குதான் முக்கியம். மருந்துக் கடையில் இல்லையென்று சொன்னால் மகப்பேறு மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ கேளுங்கள்.

நடந்தது உங்கள் சம்மதம் இல்லாமல் நடந்தது என்றால், குளிப்பதற்கும் துணி மாற்றுவதற்கும் முன்பே மருத்துவமனைக்குப் போவது நல்லது. குளித்துவிட்டீர்கள் என்றாலும் போங்கள். அரசு மருத்துவமனையோ தனியாரோ, இலவசமாகச் சிகிச்சை தரச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பெண்களுக்கான 181 உதவி எண் இரவிலும் எடுக்கப்படும்.

ஹெர்பிஸுக்கு இப்படி முன்கூட்டியே போட்டுத் தடுக்கும் மருந்து எதுவும் நிரூபிக்கப்படவில்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று கடையில் அசைக்ளோவிர் வாங்கி ஐந்து நாள் விழுங்குவதால் பயன் இல்லை. கிருமிநாசினியால் கழுவுவது, எலுமிச்சை தேய்ப்பது, டெட்டால் ஊற்றுவது எல்லாம் தோலைப் புண்ணாக்கும். அந்தப் புண்ணையே பிறகு ஹெர்பிஸ் என்று நினைத்துக் கலங்குவீர்கள். சாதாரணத் தண்ணீரும் சோப்பும் போதும்.

அக்கி வேறு, இது வேறு

நம் ஊரில் கொப்புளம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அக்கி. இடுப்பிலோ மார்பிலோ ஒரு பக்கமாகப் பட்டைபோலக் கிளம்பி எரியும். குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள். ஆங்கில மருத்துவத்தில் அதற்கு ஹெர்பிஸ் ஜோஸ்டர் என்று பெயர். இந்தப் பெயர் ஒற்றுமை செய்யும் கெடுதல் கொஞ்சமல்ல. மருத்துவர் எழுதிய சீட்டில் "ஹெர்பிஸ்" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, அறுபது வயது அம்மாவைக் குடும்பமே ஒரு மாதிரியாகப் பார்த்த வீடுகள் இருக்கின்றன. அக்கி, சின்னம்மைக் கிருமி பல ஆண்டு உறங்கிக் கிடந்து மீண்டும் எழுவதால் வருவது. உறவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்த அத்தியாயம் பேசுவது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வேறு கிருமியைப் பற்றி. அதில் இரண்டு வகை. எச்எஸ்வி-1 பெரும்பாலும் வாயைச் சுற்றி வாழ்வது. காய்ச்சலுக்குப் பிறகு உதட்டோரம் கிளம்பும் கொப்புளத்தைப் "பல்லி எச்சம் பட்டது", "சூட்டுக் கொப்புளம்" என்று சொல்கிறோமே, அநேகமாக அது இதுதான். குழந்தையாக இருக்கும்போதே வீட்டார் கொடுத்த முத்தத்தில் ஒட்டியிருக்கும். எச்எஸ்வி-2 பெரும்பாலும் பிறப்புறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றியும் வாழ்வது. உறவின் வழியாகப் பரவுவது. வாய்வழி உறவின்போது எச்எஸ்வி-1 வாயிலிருந்து பிறப்புறுப்புக்கு இறங்குவதும் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேருக்கு எச்எஸ்வி-1 இருக்கிறது. அதாவது நூற்றுக்கு 64 பேர். 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களில் சுமார் 52 கோடிப் பேருக்கு எச்எஸ்வி-2. பேருந்தில் உங்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிலேயே யாருக்காவது இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

எப்படி ஒட்டுகிறது

தோல் தோலோடு உரசும்போது ஒட்டுகிறது. கிருமி இருக்கும் இடம், இன்னொருவரின் மெல்லிய சவ்வுத் தோலிலோ சிராய்ப்பிலோ பட வேண்டும். கழிப்பறை இருக்கை, துண்டு, நீச்சல் குளம், லாட்ஜ் படுக்கை விரிப்பு ஆகியவற்றால் வருவதில்லை. உடலுக்கு வெளியே இந்தக் கிருமி சீக்கிரம் செத்துப்போகும். ஆடையோடு உரசியது, கையால் தொட்டது மட்டும் என்பவற்றுக்காக இரவுத் தூக்கத்தை இழக்க வேண்டியதில்லை.

எதிராளியிடம் அன்று கொப்புளமோ புண்ணோ இருந்திருந்தால் அபாயம் மிக அதிகம். ஆனால் "நான் நல்லா பார்த்தேன் சார், ஒண்ணும் இல்ல" என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. புண் இல்லாத நாட்களிலும் கிருமி தோலின் மேல் வந்து உதிரும். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எச்எஸ்வி-2 உள்ளவர்கள் தினமும் தங்கள் பிறப்புறுப்பிலிருந்து பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள். புண் வரும் வழக்கமுள்ளவர்களிடம் ஐந்து நாளில் ஒரு நாள் கிருமி இருந்தது. வாழ்நாளில் புண்ணே வந்ததில்லை என்றவர்களிடமும் பத்து நாளில் ஒரு நாள் இருந்தது. கொடுத்தவருக்கே தெரியாமல் நோய் கைமாறுவது இப்படித்தான். ஆகவே "அவள் எனக்குத் தெரிந்தே கொடுத்தாள்", "அவன் மறைத்தான்" என்று முடிவுகட்டும் முன் கொஞ்சம் நிதானியுங்கள்.

அப்படியானால் ஒரு முறை உறவுக்கு எவ்வளவு அபாயம்? எல்லாரும் கேட்பது இதைத்தான். 1992இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல அளவுகோல். ஒருவருக்குப் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் இருந்து மற்றவருக்கு இல்லாத 144 ஜோடிகளைச் சுமார் 11 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். புதிதாக ஒட்டியது 14 பேருக்கு. அபாயத்தில் இருந்த 65 பெண்களில் 11 பேருக்கு. 79 ஆண்களில் 3 பேருக்கு மட்டும். பெண்ணின் உடலமைப்பில் மெல்லிய சவ்வுப் பரப்பு அதிகம் என்பதால் இந்த வித்தியாசம். ஒட்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு, துணைக்குப் புண் இல்லாத நாட்களில்தான் ஒட்டியிருந்தது.

இந்த எண்ணை நிதானமாகப் பாருங்கள். கிருமி இருப்பது உறுதியான ஒருவருடன், ஏறக்குறைய ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் பத்தில் ஒன்பது பேருக்கு ஒட்டவில்லை. எதிராளிக்கு நோய் இருக்கிறதா என்றே தெரியாத ஒரே ஓர் இரவின் பங்கு அதில் எவ்வளவு சிறியதாக இருக்கும்! அன்று புண் இருந்திருந்தாலோ, எதிராளிக்கே நோய் புதிதாக வந்த காலமாக இருந்தாலோ இந்தக் கணக்கு பொருந்தாது. இல்லையென்றால், உங்கள் பயத்தின் அளவுக்கும் உண்மையான அபாயத்தின் அளவுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

ஆணுறை இந்த அபாயத்தைக் குறைக்கிறது, முழுதாக நீக்குவதில்லை. அது மூடாத தொடைச்சந்து, விதைப்பை, வெளியிதழ்ப் பகுதிகளிலும் கிருமி இருக்கலாம். "உறை போட்டும் எப்படி வந்தது?" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். "அப்படியானால் போட்டு என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு: எச்.ஐ.வி., கொனோரியா, கர்ப்பம் எல்லாவற்றுக்கும் அதுதான் கவசம். ஹெர்பிஸிலும் அதைத் தொடர்ந்து போட்டவர்களுக்குப் போடாதவர்களைவிடக் குறைவாகத்தான் ஒட்டுகிறது.

இரண்டு வாரம் கவனியுங்கள்

ஒட்டியிருந்து, அது வெளியே தெரிவதாகவும் இருந்தால், பெரும்பாலும் 2 முதல் 12 நாட்களுக்குள் தெரியும். சராசரி 4 நாள்.

முதல் முறை வருவது சில சமயம் கடுமையாக இருக்கும். ஓரிடத்தில் எரிச்சலோ குறுகுறுப்போ தொடங்கும். ஒரு நாள், இரண்டு நாளில் சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் ஒரே இடத்தில் கொத்தாகக் கிளம்பும். உடைந்தால் வலிக்கும் மேலோட்டமான புண். சிறுநீர் போகும்போது எரியும், தொடைச்சந்தில் நெறி கட்டும், காய்ச்சலும் உடல்வலியும் சேரலாம். மருந்தில்லாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறும். ஆனால் எல்லாருக்கும் இப்படிப் புத்தகத்தில் எழுதியபடி வராது. சிலருக்கு ஒரு சிறு கீறல், உள்ளாடை உரசியதுபோல ஒரு சிவப்பு, பிட்டத்தில் நான்கு பருக்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் எச்எஸ்வி-2 உள்ள 14 முதல் 49 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 87 பேருக்குமேல் எந்த மருத்துவரும் நோயைக் கண்டுபிடித்துச் சொன்னதே இல்லை.

இந்த இரண்டு வாரத்தில் தினமும் ஒரு முறை, குளிக்கும்போது, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அதற்குமேல் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கழிவறைக்குப் போய்க் கைப்பேசி டார்ச்சில் பார்க்கிறவர்கள், பிறந்ததிலிருந்து அங்கே இருப்பதையெல்லாம் புதிதாகக் கண்டுபிடிப்பார்கள். ஆண்குறி மொட்டின் விளிம்பில் வரிசையாக முத்துப்போல இருப்பது பலருக்கு இயல்பு. தோலுக்கடியில் தெரியும் வெளிர்மஞ்சள் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். சவரம் செய்த இடத்தில் முடிக்காலில் சீழ் கோத்த பரு, பூஞ்சையால் வரும் சிவப்பும் அரிப்பும், சொறியால் வரும் முடிச்சு, இவை எல்லாம் ஹெர்பிஸ் அல்ல. நம் ஊரில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இன்னொன்று: சில வலி மாத்திரைகளோ ஆன்டிபயாட்டிக்கோ ஒவ்வாமல், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வட்டமாகக் கருஞ்சிவப்புத் தடிப்பு எழுந்து புண்ணாவது. உறவுக்குப் பின் பயத்தில் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டவர்களுக்கு இது வந்தால், இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். வந்தது எதுவாயினும் மருத்துவர் கண்ணால் பார்க்கட்டும்.

வலியே இல்லாத, அடிப்பாகம் கெட்டியான ஒற்றைப் புண் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது சிபிலிஸாக இருக்கலாம். தானாகவே ஆறிப்போகும், ஆறிவிட்டதே என்று விட்டுவிட்டால் பின்னால் உடல் முழுக்கப் பாதிக்கும். பென்சிலின் ஊசியால் முழுதாகக் குணமாகிற நோயை விட்டுவைக்கக் கூடாது.

சிறுநீர் இறங்காமல் அடைத்துக்கொள்வது, தாங்க முடியாத தலைவலியோடு கழுத்து இறுகுவது, கண் சிவந்து வலிப்பது ஆகியவை வந்தால் மறுநாள் ஓ.பி.க்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

புண் வந்தால் அதுவே சாட்சி

புண் இருக்கும்போது மருத்துவமனைக்குப் போவதைப்போல உபயோகமான காரியம் இந்த நோயில் வேறு இல்லை. ஆனால் நம் வழக்கம் நேர்மாறானது. புண் இருக்கும்போது வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்து, களிம்பு தடவி ஆற்றிவிட்டு, பிறகு சந்தேகத்தோடு மருத்துவரிடம் போய் "இங்க ஒண்ணு இருந்துச்சு டாக்டர்" என்று காட்டுவோம். அவர் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

கொப்புளம் புதிதாக இருக்கும்போது, கூடுமானவரை முதல் இரண்டு நாளுக்குள், பொருக்குத் தட்டும் முன், அதன் அடியிலிருந்து பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து பிசிஆர் செய்வதுதான் சிறந்த சோதனை. கிருமி இருக்கிறதா என்பதோடு, 1ஆ 2ஆ என்பதையும் அது சொல்லும். வகை தெரிவது முக்கியம். பிறப்புறுப்பில் எச்எஸ்வி-1 என்றால் திரும்பத் திரும்ப வருவது குறைவு. பலருக்கு முதல் வருடத்தில் ஒரு முறை, அதன்பிறகு இன்னும் குறைவு. எச்எஸ்வி-2 முதல் வருடத்தில் நான்கைந்து முறைகூடத் திரும்பலாம், பிறகு மெல்லக் குறையும். மாதிரி எடுக்கும் முன் களிம்பு எதுவும் தடவ வேண்டாம். புண் ஆறும் நிலையில் எடுத்த மாதிரியில் நெகட்டிவ் வந்தால், நோய் இல்லை என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிசிஆர் எல்லா ஊரிலும் கிடைக்காது, விலையும் அதிகம். பல மருத்துவக் கல்லூரிகளில் ட்சாங்க் சோதனை செய்வார்கள்: புண்ணின் அடியைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமிட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பது. பல உட்கரு கொண்ட பெரிய செல்கள் தெரிந்தால் ஹெர்பிஸ் வகைக் கிருமி என்று ஊகிக்கலாம். வகையை அது சொல்லாது, அக்கியிலிருந்தும் பிரித்துச் சொல்லாது. ஆனாலும் செலவில்லாத, உடனே விடை தருகிற சோதனை. அனுபவமுள்ள மருத்துவரின் கண் அதற்குத் துணை.

முதல் முறை வந்தால் சோதனை முடிவுக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவது சரி. அசைக்ளோவிர் 400 மி.கி. ஒரு நாளைக்கு மூன்று வேளை, 7 முதல் 10 நாள் என்பது வழக்கமான அளவு; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மாற்ற வேண்டும் என்பதால் மருத்துவர் எழுதித் தரட்டும். 1988இல் மருத்துவ நோபல் பெற்ற கெர்ட்ரூட் எலியனும் சக ஆய்வாளர்களும் உலகுக்குத் தந்த மருந்து இது. நரம்பு முடிச்சில் உறங்கும் கிருமியை அது தொடுவதில்லை. விழித்து எழுந்து பெருகும் கிருமியை மட்டும் தடுக்கும். ஆகவே புண் சீக்கிரம் ஆறும், கிருமி போகாது. அதே மருந்தின் களிம்பால் இங்கே பெரிய பலன் இல்லை, மாத்திரைதான் வேலை செய்யும். அரசு பால்வினை நோய்ப் பிரிவுகளில் நிறம் வைத்துப் பிரித்த மருந்துப் பொட்டலங்கள் இருக்கும். அதில் ஹெர்பிஸ் புண்ணுக்கானது சிவப்பு. இலவசம்.

இரத்தச் சோதனை: எப்போது, எது, எதற்கு

புண் எதுவும் வராமல் இரண்டு வாரம் கடந்துவிட்டது, மனசு மட்டும் அடங்கவில்லை. அப்போது இரத்தச் சோதனையைப் பற்றி யோசிக்கலாம். செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு ஹெர்பிஸ் இரத்தச் சோதனை வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016இல் சொல்லி, 2023இல் மறுபடியும் உறுதிப்படுத்தியது. சோதனை அவ்வளவு துல்லியமில்லை, தவறான பாசிட்டிவால் விளையும் கேடு அதிகம் என்பதே காரணம்.

செய்வதென்றால் உறவு நடந்து 12 வாரம் கழித்து. கேட்க வேண்டிய எதிர்ப்பணுச் சோதனை "எச்எஸ்வி-2 ஐஜிஜி, வகை பிரித்தது". லேப் பட்டியலில் "எச்எஸ்வி 1+2" என்று சேர்த்துப் போட்டிருந்தால் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். சிறுவயதில் உதட்டில் வந்த கிருமிக்கும் அது பாசிட்டிவ் காட்டும். நம்மில் பெரும்பாலோருக்குக் காட்டும். "ஐஜிஎம்" சோதனை அதைவிட மோசம். ஐஜிஎம் என்றால் புதிய தொற்று என்று பள்ளியில் படித்த ஞாபகத்தில் பலர் அதைக் கேட்கிறார்கள், லேபும் செய்து கொடுக்கிறது. ஹெர்பிஸில் பழைய தொற்று மறுபடி கிளம்பும்போதும் ஐஜிஎம் எழும், வகையும் பிரிக்காது, சம்பந்தமில்லாதவர்களிடமும் பாசிட்டிவ் வரும். எந்த நல்ல மருத்துவ வழிகாட்டுதலும் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

ஐஜிஜி ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்ற சொல்லோடு ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணைப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் ஒரு கிட்டில் 1.1க்கு மேல் போனால் பாசிட்டிவ். ஆனால் 1.1க்கும் 3க்கும் நடுவே வரும் பாசிட்டிவ்களில் தவறானவை மிக அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிட்டுக்குக் கிட்டு எல்லை மாறும் என்பதால், எல்லைக் கோட்டை ஒட்டி வந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். வேறு முறையில் இன்னொரு சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். அது இல்லாத ஊரில், புண் வரும்போது பிசிஆர் செய்வதே நம்பகமான வழி.

டார்ச் பேனல் என்று ஒன்று இருக்கிறது. கருச்சிதைவு ஆன பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பல இடங்களில் வழக்கமாக எழுதித் தருகிறார்கள். அதில் ஹெர்பிஸும் அடக்கம். "ஹெர்பிஸ் ஐஜிஜி பாசிட்டிவ்" என்று வந்த ரிப்போர்ட்டைக் கணவர் இணையத்தில் தேடி, "பால்வினை நோய்" என்ற சொல்லைப் பார்த்து, மனைவியைக் கேள்வி கேட்டு, மாமியார் காதுக்குப் போய், ஒரு பெண்ணின் மானமே விசாரணைக்கு வருவது நடக்கிறது. அந்த பாசிட்டிவ் பெரும்பாலும் அவள் மூன்று வயதில் பாட்டியின் முத்தத்தில் வாங்கிய எச்எஸ்வி-1. அதைச் சொல்லித் தராமல் ரிப்போர்ட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது அநியாயம். எழுதித் தரும் மருத்துவர் அதை விளக்க வேண்டும். விளக்காவிட்டால் விளக்கம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஐஜிஜி பாசிட்டிவ் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, உடலில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற மூன்றையும் எந்த லேபும் சொல்ல முடியாது. துணைவரின் ஒழுக்கத்தை அளக்க அந்தத் தாளை எடுக்காதீர்கள்.

12 வாரத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் கடைசிச் சோதனை செய்ய வேண்டிய காலம் அதுதான். 6 வாரத்தில் ஒரு முறை, 12 வாரத்தில் ஒரு முறை என்று எச்.ஐ.வி.க்குப் பார்த்தால், அந்த இரண்டாவது ஊசியிலேயே மற்றவற்றையும் முடித்துவிடலாம்.

எங்கே போவது

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனி நிலையம் உண்டு. எச்.ஐ.வி. சோதனைக்கு அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்கள், இலவசமாக, ஆலோசனையோடு. 1097 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். எச்.ஐ.வி. பற்றிய விவரத்தை உங்கள் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது என்று 2017இன் சட்டம் சொல்கிறது. தோல் மருத்துவர் எல்லாரும் இந்த நோய்களைப் பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள்தான். தனியாரிடம் போக வசதியிருந்தால் அவர்களிடம் போகலாம்.

போகக் கூடாத இடமும் உண்டு. மாதத்தில் ஒரு நாள் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து "மேகநோய், இரகசிய நோய்" பார்க்கிறவர்கள், ஹெர்பிஸை வேரோடு பிடுங்குகிறேன் என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு லேகியம் தருபவர்கள். கொப்புளம் தானாகவே ஆறுகிற நோய் என்பதால் எதைக் கொடுத்தாலும் குணமானதுபோலத் தோன்றும், அடுத்த முறை வரும்வரை. இந்தக் கிருமியை உடலிலிருந்து முழுதாக நீக்கும் மருந்து இன்றுவரை எந்த மருத்துவ முறையிலும் இல்லை.

ஓ.பி.யில் வாய் திறந்து சொல்ல வெட்கமாக இருந்தால், ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள்: உறவு நடந்த தேதி, வாய்வழியா வேறு வழியா, ஆணுறை இருந்ததா, புண் தோன்றிய தேதி, இதுவரை போட்ட மருந்து. இந்த ஐந்தும் தெரிந்தால் மருத்துவர் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி குறைந்துவிடும். பெயரோ, எதிராளி யார் என்பதோ அவருக்குத் தேவையில்லை.

உறுதியானால்

எச்எஸ்வி-2 என்று உறுதியானவருக்கு முதலில் தெரிய வேண்டியது, இது ஆளைக் கொல்லும் நோய் அல்ல என்பது. கல்யாணம், குழந்தை, வேலை எதற்கும் தடையில்லை. எச்.ஐ.வி. ஒட்டும் வாய்ப்பை இது ஏறக்குறைய மூன்று மடங்காக்கும் என்பதால், புதிய துணையோடு ஆணுறை கட்டாயம். அடிக்கடி புண் வருபவர்கள் தினமும் மருந்து எடுத்துக்கொள்ளலாம். 2004இல் வந்த ஓர் ஆய்வில் தினம் 500 மி.கி. வாலசைக்ளோவிர் சாப்பிட்டவர்களின் துணைகளில் எட்டு மாதத்தில் 1.9 சதவீதம் பேருக்குத்தான் ஒட்டியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களின் துணைகளில் 3.6 சதவீதம். குறுகுறுப்புத் தொடங்கியதிலிருந்து தோல் முழுதாக ஆறும்வரை உறவைத் தள்ளிப்போட்டு, மற்ற நாட்களில் ஆணுறையும் இந்த மருந்தும் சேர்ந்தால், துணைக்கு ஒட்டும் வாய்ப்பு நன்றாகக் குறைந்துவிடும்.

துணைவரிடம் சொல்வது கடினம். இரவு படுக்கையில் சொல்லாதீர்கள், சண்டையின் நடுவே சொல்லாதீர்கள். முடிந்தால் இருவருமாக மருத்துவர் அறைக்குப் போய், அவர் வாயால் விளக்கச் சொல்லுங்கள். "எப்போ வந்துச்சுன்னு யாராலும் சொல்ல முடியாது, ஆனா இனிமே உனக்கு ஒட்டாம பார்த்துக்கணும்" என்று தொடங்கினால், பேச்சு பழசைத் தோண்டுவதில் சிக்காமல் முன்னே போகும். இந்த வாக்கியம் மருத்துவ உண்மைதான். ஆனால் வெளியே போய் வந்ததை மறைக்க இதைத் திரையாகப் பிடிக்காதீர்கள்.

மனைவி கர்ப்பமாக இருந்தால் சொல்லாமல் இருப்பதற்கு வழியே இல்லை. பிரசவத்தை ஒட்டிய கடைசி மாதங்களில் தாய்க்குப் புதிதாக ஒட்டினால், குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம் வரை. பிறந்த குழந்தைக்கு அது உயிராபத்து. பழைய தொற்றாக இருந்தால் அந்த வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆகவே கணவருக்கு ஹெர்பிஸ் இருந்து மனைவிக்கு இல்லையென்றால், அந்தக் கடைசி மூன்று மாதமும் உறவு வேண்டாம், வாய்வழியும் வேண்டாம். மனைவிக்கே இருந்தால், 36வது வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார்கள். வலி எடுக்கும் நாளில் புண் இருந்தால் அறுவை சிகிச்சையில் குழந்தையை எடுப்பார்கள். இதற்கெல்லாம் பிரசவம் பார்க்கும் மருத்துவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தாய்சேய் நல அட்டையோடு போகும் அடுத்த செக்கப்பிலேயே, கணவரும் கூடப் போய், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அதைச் சொல்லிவிடுங்கள்.